கிளம்புகிறவனிடம் கேட்கக் கூடாத கேள்வி

1

புதன்கிழமை என்றால் எங்கள் பல்கலைக்கழகத்தில் போர் நாள். யாரும் பயப்பட வேண்டாம். மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் வருவார். அடுத்த சண்டை எங்கே மூளும், எந்தக் கடலை யார் அடைப்பார்கள், எந்த நாட்டிடம் என்ன ஏவுகணை இருக்கிறது என்று திரையில் படம் போட்டு விளக்குவார். கேட்பவர்கள் தலையாட்டிக்கொண்டே குறிப்பெடுப்பார்கள். பிறகு எல்லோரும் டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அந்த டீயை ஏற்பாடு செய்கிறவள் நான்.

இங்கிலாந்தின் வடக்கே, மழை விட்டால் மேகம், மேகம் விட்டால் மழை என்றிருக்கிற ஓர் ஊரில் குடியிருக்கிறோம். எனக்குப் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சிப் பிரிவில் வேலை. போர் உத்தி, சர்வதேசப் பாதுகாப்பு பற்றி ஒரு மையம் தொடர்ந்து கூட்டங்கள் நடத்துகிறது. அதற்கு அறை பிடிப்பது, பெயர் அட்டை அச்சடிப்பது, யாருக்குப் பால் ஆகாது, யாருக்குக் கோதுமை ஆகாது என்று கேட்டு வைப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள்? மின்கம்பியில் கால் தடுக்கினால் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒரு முறை அணு ஆயுதம் பற்றிய பேச்சு. 'எதிர்பார்க்கப்படும் ஆபத்து' என்ற கட்டத்தில் 'சூடான தேநீர்' என்று எழுதினேன். மேலதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, மிக நன்று என்று கையெழுத்துப் போட்டார்.

தூத்துக்குடியில் இருக்கிற என் அம்மாவுக்கு இந்த விவரமெல்லாம் வேண்டியதில்லை. "எம்மவ லண்டன்ல மிலிட்டரி காலேஜ்ல இருக்கா" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். இது லண்டனும் இல்லை, மிலிட்டரியும் இல்லை. திருத்திப் பார்த்து அலுத்துப்போய் விட்டுவிட்டேன். உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும் எனக்குப் போன் வந்துவிடும். "ஏளா, கேஸ் வெல ஏறுமா? ஒங்க ஆளுக என்ன சொல்லுதாவ?" என்று கேட்பாள். நானும் சிரித்துக்கொண்டே எதையாவது சொல்லி வைப்பேன். என் தம்பி ஒரு நாள் உண்மையாகவே வந்து கேட்கும் வரை எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

2

தம்பி பெயர் சவேரி. சரக்குக் கப்பலில் போசனாக இருக்கிறான். கயிறு, நங்கூரம், துருச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது என்று கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன். இங்கே என்னோடு வேலை பார்க்கிற ஹெலனிடம், என் தம்பி கப்பலில் இருக்கிறான் என்று ஒரு முறை சொன்னேன். "ஓ, கடற்படையா! உங்களுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!" என்றாள். சரக்குக் கப்பல் என்று சொன்னதும் அந்தப் பெருமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் பிஸ்கட் தட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்ததும் அவன் கூப்பிடுவது வழக்கம். அன்றும் வீடியோவில் கூப்பிட்டான்.

"அக்கா, கப்பல் கிளம்பப் போவுது."

"சரிலே. பாத்துப் போ."

அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. தமிழ்நாடு முழுக்க இருக்கிற பழக்கம்தான் இது. மற்ற ஊர்களில் "தூரமா?" என்று சுற்றி வளைத்தாவது கேட்பார்கள். கடலுக்குப் போகிற வீடுகளில் அதுவும் கிடையாது. எங்கள் அப்பா தோணியில் தண்டலாக இருந்தார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு போகிற சரக்குத் தோணிக்கு அவர்தான் தலைவர். அவர் கிளம்பும்போது அம்மா சாப்பாட்டுத் தூக்கைக் கையில் கொடுத்து "பாத்து" என்பாள். எந்த ஊருக்குப் போனார் என்பது அவர் திரும்பி வந்து பையைத் திறக்கும்போதுதான் எங்களுக்குத் தெரியும். சோப்பு வந்தால் கொழும்பு, மாசிக் கருவாடு வந்தால் மாலத்தீவு. அதற்கு முன்னால் கேட்டால் வாயிலேயே அடி விழும்.

என் மகள் அனிட்டா இந்த ஊரில் பிறந்தவள், கல்லூரி போகிற வயது. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள், என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "மாமா, எங்க போறீங்க?" என்றாள்.

அவள் தொடையில் ஒன்று வைத்தேன். "கிளம்புற மனுசன அப்படிக் கேக்காதன்னு எத்தன தடவ சொல்ல?"

ஆனால் தம்பி திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தான். அவளுக்குப் பதில் சொன்னான்: "செங்கடல் வழியா போவச் சொல்லுதாவ, பாப்பா."

அதற்கு மேல் எல்லாமே வெளியே வந்துவிட்டது. கப்பல்கள் மேல் ஏவுகணை விழுகிறது என்று செய்தியில் காட்டுகிறார்களே, அந்த வழி. கேப்டன் எல்லோரையும் கூட்டி வைத்து, விருப்பமில்லாதவர்கள் இந்தத் துறைமுகத்திலேயே இறங்கிக்கொள்ளலாம், வேறு ஆள் வரும், சனிக்கிழமைக்குள் பதில் சொல்லுங்கள் என்று சொல்லியிருக்கிறார். இறங்குவது அவர்கள் உரிமை. கம்பெனி ஒன்றும் சொல்லாது. ஆனால் அடுத்த கப்பலுக்கு ஆள் எடுக்கும்போது கூப்பிடாமல் இருந்துவிடும், அவ்வளவுதான்.

"நான் போசன்லா அக்கா. நான் என்ன சொல்லுதேனோ அதத்தான் மத்த பயலுவளும் சொல்லுவானுவ. எல்லாரும் என் மொகத்தையே பாக்கானுவ" என்றான். அடுத்துச் சொன்னான்: "நீ அங்கன இருக்கல்லா. அந்தப் பெரிய ஆளுககிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு. போலாமா, வேண்டாமான்னு. நீ என்ன சொல்லுதியோ அதச் செய்யுதேன்."

நான் டீ வைக்கிறவள்லே என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது சொல்ல முடியவில்லை.

"கேக்கேன்லே" என்றேன்.

3

அந்த வாரம் முழுக்க எனக்கு பிலோமியின் நினைப்பாகவே இருந்தது. கல்லூரியில் என்னோடு படித்தவள். தூத்துக்குடியில் எங்கள் கல்லூரிக்கு ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் பேச வந்திருந்தார். மன்னார் வளைகுடாவும் தேசப் பாதுகாப்பும் என்று தலைப்பு. குத்துவிளக்கு, பொன்னாடை, தட்டு நிறைய மக்ரூன் எல்லாம் உண்டு. அவர் பெரிய வரைபடத்தைத் தொங்கவிட்டுக் குச்சியால் காட்டிக்கொண்டே போனார். எங்கள் பக்கத்துப் பார்கள், அதாவது அந்தக் காலத்தில் முத்துக் குளித்து இந்தக் காலத்தில் மீன் பிடிக்கிற கடலடிப் பாறைகள், அவற்றின் மேலேயே ஒரு சிவப்பு அம்பு போட்டிருந்தார்.

கேள்வி நேரம் என்று அறிவித்தார்கள். எங்கள் கல்லூரியில் கேள்வி நேரம் என்றால் யாராவது எழுந்து, உங்கள் உரை மிகவும் பயனுள்ளதாக இருந்தது என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். பிலோமி எழுந்தாள். "சார், இந்த அம்பு போட்டிருக்கியள்லா, அந்த எடத்துலதான் எங்க அப்பா வல விரிப்பாவ. சண்ட வந்தா அவிய எங்க போவணும்?"

அரங்கமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நல்ல கேள்வி, உங்கள் அப்பாவைக் கடற்படை பார்த்துக்கொள்ளும் என்றார். கை தட்டினார்கள். மறுநாள் மேடம் பிலோமியைக் கூப்பிட்டு, விருந்தினரிடம் வீட்டு விஷயம் பேசுவதா என்று திட்டினார்.

அது வீட்டு விஷயம்தான். அதே வீட்டு விஷயத்தை எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் கழித்து நான் இன்னொரு விருந்தினர் முன்னால் போய் நிற்க வேண்டியிருந்தது.

4

அந்தப் புதன்கிழமைப் பேச்சே கடல்வழிகளைப் பற்றியதாக அமைந்தது. பேச வந்தவர் கடற்படையில் இருந்து பிறகு பேராசிரியர் ஆனவர். நல்ல மனிதர். கோப்பையை வாங்கும்போது முகத்தைப் பார்த்து நன்றி சொல்கிற சிலரில் ஒருவர். திரையில் செங்கடல் தெரிந்தது. கப்பல்கள் அடிபட்ட இடங்களில் சிவப்பு வட்டங்கள் போட்டிருந்தார். காப்பீடு ஏறியது, எண்ணெய் விலை அசைந்தது, சந்தை பழகிக்கொண்டது, கப்பல் போக்குவரத்து எதையும் தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டேன். கப்பலில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது ஒரு இடத்திலாவது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

பேச்சு முடிந்து அவர் டீக்கு வந்தபோது கோப்பையைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். என் தம்பி சரக்குக் கப்பலில் இருக்கிறான், அந்த வழியாகப் போகச் சொல்கிறார்கள், போகலாமா வேண்டாமா என்று கேட்கிறான். என் ஆங்கிலம் அவசரத்தில் முன்னும் பின்னும் புரண்டது. அவருக்குப் புரிந்துவிட்டது. கோப்பையை மேசையில் வைத்தார்.

"கப்பல் எந்த நாட்டுக் கொடி?" என்றார்.

தெரியாது.

"உரிமையாளர் எந்த நாட்டுக்காரர்? என்ன சரக்கு? இதற்கு முன்னால் எந்தத் துறைமுகங்களைத் தொட்டது?"

எனக்கு எதுவும் தெரியாது. என் தம்பிக்குக் கத்தரிக்காய் ஆகாது என்று தெரியும். ரத்தக் கொதிப்புக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று தெரியும். எந்தக் கப்பலில் எங்கிருந்து எங்கே போகிறான் என்று அவனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தப் பழக்கத்தை இந்த மனிதருக்கு எப்படி விளக்குவேன்? முகம் சுட்டது.

"மொத்தமாகப் பார்த்தால், பெரும்பாலான கப்பல்கள் பத்திரமாகக் கடந்துவிடுகின்றன" என்றார் மெதுவாக.

"உங்கள் மகன் என்றால் போகச் சொல்வீர்களா?"

அவர் பின்னால் மாணவர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அவர்களைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "இதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். எனக்குக் கோபமாக வந்தது. அவ்வளவு நேரம் எல்லா நாட்டுக்கும் பதில் வைத்திருந்த மனிதருக்கு என் தம்பி ஒருவனுக்கு இல்லையா? ஆனால் உங்கள் தம்பியைக் கடற்படை பார்த்துக்கொள்ளும் என்று அவர் சொல்லவில்லை. அந்த மட்டில் அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

5

மறுநாள் அதே அரங்கில் மாணவர்களுக்குப் போர் விளையாட்டு வைத்திருந்தார்கள். விளையாட்டு என்றால் ஓடுவதும் குதிப்பதும் இல்லை. நாலைந்து மேசைகளைச் சேர்த்துப் போட்டு நீலத் துணி விரித்தால் அது கடல். மரவில்லைகள்தான் கப்பல்கள். போர்க்கப்பலுக்குக் கறுப்பு, சரக்குக் கப்பலுக்குச் சாம்பல் நிறம். ஒவ்வொரு குழுவும் ஒரு நாடாகவோ நிறுவனமாகவோ இருந்து முடிவெடுக்கும். பகடை போட்டு விளைவைச் சொல்வார்கள். நீலத் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்தது நான்.

அனிட்டா அதே பல்கலைக்கழகத்தில் சர்வதேச அரசியல் படிக்கிறாள். அவள் குழுவுக்குக் கப்பல் நிறுவனங்களின் பாத்திரம். அவளுக்கும் நான்தான் பெயர் அட்டை அச்சடித்தேன். என்னிடமிருந்து அதை யாரோ போல வாங்கிக்கொண்டாள். படிப்பில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "அம்மா, அங்க என்னைத் தெரியாத மாதிரி இரு, ப்ளீஸ்." எனக்கு வலித்தது. ஆனாலும் நானும் அப்படியே இருந்து வந்தேன்.

காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவர்கள் மேசைப் பக்கம் போனபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல தெளிவான குரல், அழகான ஆங்கிலம். "முதலில் மூன்று கப்பல்களை அனுப்பிப் பார்ப்போம். ஒன்று போனாலும் வழி எப்படி என்று தெரிந்துவிடும். அது ஏற்கத்தக்க இழப்பு." மூன்று சாம்பல் வில்லைகளையும் விரலால் தள்ளினாள். பகடை உருண்டது. நடுவர் ஒரு வில்லையை எடுத்து டப்பாவில் போட்டார். யாரோ "அடடா" என்று சிரித்தார்கள்.

தட்டைக் கீழே வைத்தேன். "அதுக்குள்ள ஆளு இருக்காவ, அனிட்டா" என்றேன். தமிழில், எல்லோர் முன்னாலும்.

அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள், பிறகு அவளைப் பார்த்தார்கள். இத்தனை நாள் யாரென்று தெரியாமல் இருந்தது அந்த ஒரு வார்த்தையில் தெரிந்துபோயிற்று. அவள் கழுத்து வரை சிவந்துவிட்டது. நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்குப் பக்கத்தில் இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, அது கேம்."

"ஒங்க மாமாவத் தள்ளி விட்டுட்டு கேம்ங்கியா?"

"நான் தள்ளல." நின்றுவிட்டாள். அவள் தமிழ் சாப்பாட்டு மேசைத் தமிழ். உப்பு வேணும், போதும், பசிக்கல என்பதோடு நின்றுவிடும். அன்றைக்கு அந்தத் தமிழை வைத்துக்கொண்டே முழுக்கப் பேசினாள். "நான் தள்ளல அம்மா. நீங்க எல்லாரும்தான் அனுப்பினீங்க. பாட்டி, நீ, எல்லாரும். எவ்வளவு வருஷமா மாமா போறார்? யாராவது அவர்கிட்ட எங்க போறீங்கன்னு கேட்டீங்களா? பயமா இருக்கான்னு கேட்டீங்களா? நான்தானே கேட்டேன்? என்ன அடிச்சல்ல?"

மழை தூற ஆரம்பித்தது. அவளிடம் குடை இருந்தது, விரிக்கவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், இழுத்துக்கொள்ளாமல் விட்டாள். அப்படியே வீட்டுக்கு வந்தோம்.

6

சனிக்கிழமை காலையில் அவன் கூப்பிட்டான். "கேட்டியாக்கா? என்ன சொன்னாவ?"

"ஏலே சவேரி, ஒனக்குப் பயமா இருக்கா?"

எங்கள் வீட்டில் ஆம்பளைகளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரையில் கப்பலின் இரும்புச் சுவரும் அவன் காதும் மட்டும் தெரிந்தன. அப்புறம் அவன் தோள் குலுங்கியது.

"இருக்குக்கா. ஒரு வாரமா ஒறக்கமே இல்ல."

"எறங்கிருலே. யார் கேட்டாலும் எங்க அக்கா சொன்னான்னு சொல்லு."

அவன் இறங்கிவிட்டான். அவனைப் பார்த்து இன்னும் சிலரும் இறங்கினார்கள். அம்மாவிடம் லீவு கிடைத்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். அவள் மாதா கோயிலுக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போய்விட்டாள். நானும் பல நாளைக்குப் பிறகு மனம் விட்டுச் சாப்பிட்டேன். அடுத்த கப்பலுக்கு அவனைக் கூப்பிடமாட்டார்கள் என்ற கவலை இருக்கத்தான் செய்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சில நாள் கழித்து அந்தத் துறைமுகத்து ஓட்டலிலிருந்து கூப்பிட்டான். விமான டிக்கெட் வந்துவிட்டது, மறுநாள் ஊருக்கு. குளித்து, முகம் மழித்து, ஆள் தெளிச்சியாக இருந்தான். அனிட்டா என் பக்கத்தில் உட்கார்ந்து மாமாவுக்குக் கை காட்டினாள்.

"ஒன் வேலைக்கு ஆளு வந்தாச்சாலே?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வந்தாச்சுக்கா. நம்ம பக்கம்தான். கீழவைப்பார்க்காரரு, சூசை அண்ணன்னு பேரு. காலைல ஏஜென்ட் ஆபீஸ்ல பாத்தேன். ரெண்டு பொம்பளப் புள்ளையாம். ஸ்டோர் சாவியெல்லாம் அவருகிட்டதான் ஒப்படைச்சேன்."

என் சந்தோஷம் அங்கேயே நின்றுவிட்டது. என் தம்பி இறங்கிய இடம் காலியாக இருக்கும் என்று நான் ஏன் நினைத்தேன்? அதே கப்பல், அதே வழி. ஆள் மட்டும்தான் வேறு. அதுவும் எங்கிருந்தோ வந்தவர் இல்லை, எங்கள் கடற்கரையில் பஸ் ஏறினால் போய்ச் சேருகிற ஊர்க்காரர்.

"எந்த வழியா போவுதுன்னு அவருக்குத் தெரியுமாலே?"

"கம்பெனில சொல்லியிருப்பாவல்லா."

"நீ சொன்னியா?"

"அவரு கேக்கல." காதைச் சொறிந்தான். "கிளம்புற ஆளுகிட்ட அதப் போய் எப்படிக்கா சொல்ல? கையக் குடுத்து, பாத்துப் போங்கண்ணேன்னு சொன்னேன்."

அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அனிட்டா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "மாமா, கப்பல் போயிடுச்சா?"

"இல்ல பாப்பா. நங்கூரத்துலதான் கெடக்கு. சாயந்தரம் எடுப்பாவ."

"அவர் நம்பர் இருக்கா? அனுப்புங்க."

அவன் என்னைப் பார்த்தான். "அனுப்புலே" என்றேன்.

நம்பர் வந்தது. அனிட்டா அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது. எடுக்க மாட்டார் என்று நினைத்தபோது எடுத்தார். காற்றின் இரைச்சலும் சங்கிலி இழுபடும் சத்தமும் கேட்டன. "யாரும்மா?" என்றார்.

அனிட்டா தன் சாப்பாட்டு மேசைத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "அங்கிள், நான் சவேரி போசனோட அக்கா பொண்ணு. நீங்க எங்க போறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அவளைத் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவர் சங்கிலிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வருவது கேட்டது. அவருக்கு மனம் கலங்கிவிட்டது குரலிலேயே தெரிந்தது.

"என்னம்மா, கிளம்புற நேரத்துல இப்படிக் கேட்டுட்ட?" என்றார்.